சிக்கனம் சொல்லும் முன் தேதி சொல்லுங்கள்

கல்லூரிகள் திறக்கும்போதே அறிவுரைகளும் திறந்துவிடும். தினமும் கணக்கு எழுது, டீயைக் குறை, வெளியே சாப்பிடாதே, பழைய புத்தகம் வாங்கு, சின்ன ரீசார்ஜ் போதும் என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்றும் தவறில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் ஊர் இது. ஆனால் அளந்து போடுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். மாதம் பிறந்தால் மாணவர் கைக்கு ஒரு தொகை வந்துவிடும், அதை முப்பது நாளுக்குப் பிரித்துச் செலவழிப்பதுதான் சாமர்த்தியம் என்ற கணிப்பில்தான் இந்த அறிவுரைகள் எல்லாம் எழுதப்படுகின்றன. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தும். ஜவ்வாது மலையிலிருந்து திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் திருப்பத்தூருக்கும் வேலூருக்கும் படிக்க இறங்கி வரும் பிள்ளைக்குப் பொருந்தாது. அந்தப் பிள்ளையின் பணத்தை அதிகம் தின்பது டீயும் சினிமாவும் என்று நினைப்பது தவறு. வர வேண்டிய பணம் வராமல் கழியும் மாதங்கள்தான் அதைத் தின்கின்றன. அந்த மாதங்களைக் குறைக்காமல் எவ்வளவு சிக்கனம் போதித்தாலும் அது கணக்கில் ஏறாது.

மலையில் ஒரு குடும்பத்துக்குப் பணம் எப்போது வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்திருக்கும் இந்த மலையில் பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். தமிழே இவர்கள் பேச்சு. மானாவாரிச் சாமை, புளி, தேன், பலா, கொய்யா, சீதாப்பழம் ஆகியவைதான் பணமாக மாறும் பொருட்கள். புளி கோடையின் தொடக்கத்தில் இறங்கும். பலா கோடையோடு போய்விடும். சாமை மழையை நம்பி விதைத்து, மழைக்காலம் முடியும் தறுவாயில் வீடு சேரும். இடைப்பட்ட மாதங்களில் கூலிக்குக் கீழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கர்நாடகத் தோட்டங்களுக்கும் போவார்கள். இந்த வருமானம் ஆண்டில் சில முறை கட்டாக வரும். மற்ற நாட்களில் வீட்டில் தானியம் இருக்கும், ரொக்கம் இருக்காது. கல்லூரியின் நாட்காட்டியோ வேறு. சேர்க்கைக்கும் விடுதி முன்பணத்துக்கும் ஜூன், ஜூலை. முதல் பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு அக்டோபர் வாக்கில். கோடையில் புளி விற்ற காசு கடனுக்கும் விதைக்கும் போயிருக்கும். அடுத்த விளைச்சல் இன்னும் காட்டில் நிற்கும். மகள் கல்லூரியில் காலடி வைக்கும் மாதம்தான் வீட்டில் காசு மிகக் குறைவாக இருக்கும் மாதம். இந்தப் பொருத்தமின்மையைச் சமாளிக்கத்தான் அரசு உதவித்தொகை இருக்கிறது. அதன் அளவைப் போலவே அது வந்து சேரும் தேதியும் முக்கியமாவது இதனால்தான்.

செலவைப் பார்ப்போம். அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் பழங்குடி மாணவருக்குக் கல்விக் கட்டணம் பெரிய சுமை இல்லை. அந்த அளவுக்குத் தமிழ்நாடு முன்பே வந்துவிட்டது. சுமை வெளியில் இருக்கிறது. அறை வாடகை அல்லது விடுதிச் செலவு, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் பேருந்து, தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ், ஆய்வக நோட்டு, கைபேசி ரீசார்ஜ் ஆகியவை அவை. மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்கு மேலே உள்ள குக்கிராமங்களிலிருந்து ஜமுனாமரத்தூர் வந்து சேர்வதே ஒரு பயணம். தினமும் ஏறி இறங்கிப் படிப்பது பெரும்பாலோர்க்கு ஆகாத காரியம். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு உரியது. 2024-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அதை மலைப்பகுதிகளுக்கு விரித்தபோது பெயர் சொல்லப்பட்டவை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை. ஆகவே அரசு விடுதிதான் இந்த மாணவர்களுக்குப் பெரிய சேமிப்பு. விடுதியில் இடம் கிடைத்தால் வாடகை இல்லை, சாப்பாட்டுக் கவலை இல்லை. கல்லூரி விடுதி மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த உணவுப் படியை 2023-இல் 1,500 ஆக அரசு உயர்த்தியது. நாளுக்கு 50 ரூபாய், அதில் மூன்று வேளை. பட்டினி போடாத தொகை, தாராளமும் இல்லை. ஆனாலும் அந்த ஐம்பது ரூபாயை ஒரு மாணவர் வெளியில் தானே செலவழித்து மூன்று வேளை சாப்பிட முடியாது என்பதை நினைத்தால் அதன் மதிப்பு தெரியும்.

உதவித்தொகைக்கு வருவோம். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகையில் பழங்குடி மாணவருக்கு 2010-இல் நிர்ணயித்த பராமரிப்புப் படி, மூன்றாண்டுக் கலை, அறிவியல் பட்டப் படிப்புக்கு, விடுதியில் இருந்தால் மாதம் 570 ரூபாய், வீட்டிலிருந்து வந்து படித்தால் 300 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தத் தொகை போதாது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே கேள்வி வேறு: இந்த 570 ரூபாய் மாதாமாதம் வருகிறதா? கல்லூரி திறந்து சில மாதம் கழித்து விண்ணப்பம். பிறகு சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு. பிறகு கல்லூரியின் ஒப்புதல், மாவட்ட அலுவலகத்தின் ஒப்புதல், கருவூலம். கல்வியாண்டின் பிற்பாதியில் மொத்தமாக வந்து சேர்வது எந்தக் கல்லூரி வளாகத்திலும் புதிய செய்தி இல்லை. பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில்தான் வாங்க வேண்டும். மலையிலிருந்து அந்த அலுவலகத்துக்கு ஒரு முறை இறங்கி ஏறினால் வீட்டில் ஒருவருடைய ஒரு நாள் கூலி போய்விடும். ஒரே முறையில் வேலை முடிவதும் அரிது. மாதப் படி என்று பெயர் வைத்த பணம் ஆண்டுக்கு ஒரு முறை வரும்போது அதன் குணமே மாறிவிடுகிறது. நடப்புச் செலவுக்கு அது உதவுவதில்லை. பழைய கடனை அடைக்கத்தான் உதவுகிறது.

தாமதத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கணக்கிடவும் முடியும். ஒரு மாணவருக்கு ஜூன் மாதம் ஐயாயிரம் ரூபாய் தேவைப்படுகிறது, வீட்டில் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்குகிறார்கள், உதவித்தொகை மார்ச்சில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதத்துக்கு வட்டி மட்டும் 2,250 ரூபாய். இனி சிக்கன அறிவுரையைப் பின்பற்றுவோம். கல்லூரி வாசலில் தினம் ஒரு டீயை அந்த மாணவர் விட்டுவிடுகிறார். டீ பத்து ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 250 ரூபாய் மிச்சம். ஒன்பது மாதத்தில் 2,250 ரூபாய். ஒன்பது மாதம் முழுக்க டீ குடிக்காமல் இருந்த கட்டுப்பாட்டின் பலன் அப்படியே வட்டிக்காரர் கைக்குப் போய்ச் சேருகிறது, அசல் அசையவில்லை. உதவித்தொகை ஜூலையில் வந்திருந்தால் இந்த வட்டியில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும், டீயும் குடித்திருக்கலாம். அரசுக்கு இதில் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. அதே பணம், அதே ஆள், வேறு தேதி. வட்டிக்கு வாங்காதவர்கள் வேறு வழியில் விலை கொடுக்கிறார்கள். தேர்வுக் கட்டணத்தைக் கடைசி நாள் தாண்டி அபராதத்தோடு கட்டுவது, ஒரு வேளையைத் தவிர்ப்பது, வகுப்பைவிட்டுக் கூலிக்குப் போவது, கடன் தரும் கைபேசிச் செயலியில் விரலை வைப்பது ஆகியவை அந்த வழிகள். கடைசியாகச் சொன்னதில் சிக்கியவர்களின் கதைகள் ஊரறிந்தவை.

பணம் வராத மாதங்கள் பையைக் காலி செய்வதோடு நிற்பதில்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் அறிவுத்திறன் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்கள் மோசமாகவும், காசு வந்த பின் நன்றாகவும் செய்தார்கள். பணக் கவலை மனத்தின் ஒரு பகுதியை ஆக்கிரமித்துக்கொள்வதால் மற்றதற்கு இடம் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். பயிற்சியின் பயன் இரண்டாம் சோதனையில் சேர்ந்திருக்கலாம் என்பது போன்ற மறுப்புகளும் பின்னர் எழுந்தன. அவற்றைத் தள்ளிவிட முடியாது. விளைவின் அளவைப் பற்றி வாதம் நடக்கட்டும். ஆனால் ஓர் ஆண்டுக்குள்ளேயே ஒரே மனிதருக்குப் பணம் உள்ள மாதமும் இல்லாத மாதமும் உண்டு, அந்த மாதங்களில் அவர் எடுக்கும் முடிவுகள் வேறுபடும் என்பதை மலையடிவாரத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். மாணவருக்குச் சோதனை வேறெங்கும் இல்லை. பணம் வறண்ட அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் பருவத் தேர்வும் வருகிறது.

மறுபக்கச் சான்றும் நம்மிடம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. பழைய உதவித்தொகையோடு ஒப்பிட்டால் இவற்றின் சிறப்பு ஆயிரம் என்ற எண்ணில் மட்டும் இல்லை. மாதாமாதம் மாணவரின் சொந்தக் கணக்குக்கு வருவதுதான் பெரிய சிறப்பு. வரும் என்று தெரிந்த பணத்தைத்தான் திட்டமிட முடியும். ஆயிரம் வரும் என்று தெரிந்தால் ரீசார்ஜுக்கு இவ்வளவு, ஊருக்குப் போக இவ்வளவு, தேர்வுக் கட்டணத்துக்கு மாதம் இருநூறு ஒதுக்கு என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண் தானே கணக்குப் போடுவாள். யாரும் சிக்கன வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. சேமிக்கும் பழக்கம் நல்ல குணத்திலிருந்து மட்டும் வருவதில்லை; நம்பத்தக்க வரவிலிருந்தும் வருகிறது. சம்பளக்காரர்கள் சிக்கனமானவர்களாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அவர்களுக்குச் சம்பளத் தேதி இருப்பதுதான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, கையில் காசு கிடைத்தால் பிள்ளைகள் வீணடிப்பார்கள் என்பது. இதில் ஓர் உண்மை உண்டு, அதை ஒப்புக்கொண்டே பேசலாம். மலையில் பலர் படிப்பது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில். அங்கே சோறு, சீருடை, புத்தகம், தங்குமிடம் எல்லாம் இலவசம். பன்னிரண்டு ஆண்டு காலம் காசைத் தொடத் தேவையில்லாமல் வளர்ந்த பிள்ளை, கல்லூரியில் சேரும் வாரத்தில் முதன்முறையாக ஏ.டி.எம். அட்டையோடு நகரத்தில் நிற்கிறது. தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். அதற்கு மருந்து பழக்கம், பணத்தைத் தாமதப்படுத்துவது இல்லை. உண்மையில் வீணடிப்பு அதிகம் நடப்பது மொத்தமாக வரும் பணத்தில்தான். ஆண்டுக் கடைசியில் ஆறாயிரம் ஒன்றாக விழுந்தால் எந்த வயதினருக்கும் கை துறுதுறுக்கும். மாதம் 570 ஆக வந்தால் வீணடிக்க அதில் இடமில்லை. அந்தப் பழக்கத்துக்கு உதவக்கூடிய எளிய விஷயங்களை உறைவிடப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பிலேயே சொல்லித்தரலாம். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எந்த வங்கியிலும் கேட்டால் கிடைக்கும். 2025 மே முதல் இலவச எண்ணிக்கை தாண்டிய ஒவ்வொரு ஏ.டி.எம். பரிவர்த்தனைக்கும் 23 ரூபாய் வரை பிடிப்பார்கள். நூறு இருநூறாக எடுக்கும் மாணவருக்கு அது பெரிய கசிவு. தபால் அலுவலகத் தொடர் வைப்பில் மாதம் நூறு ரூபாய் போதும்; ஐந்தாண்டுத் திட்டம்தான் என்றாலும் மூன்றாண்டு முடிந்ததும் சேமிப்புக் கணக்கு வட்டியோடு முடித்துக்கொள்ளலாம். பட்டப் படிப்பும் மூன்றாண்டுதான். படித்து முடிக்கும் நாளில் வேலை தேடிப் போகவும் சான்றிதழ்கள் எடுக்கவும் 3,600 ரூபாய்க்கு மேல் கையில் இருக்கும். ஆனால் பாருங்கள், இந்த நூறு ரூபாயும் மாதாமாதம் கட்ட வேண்டியது. தவறினால் அபராதம். வரவுக்குத் தேதி இல்லாதவரால் சேமிப்புக்குத் தேதி காக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு, பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாமே என்பது. பலர் பார்க்கவும் செய்கிறார்கள். திருவண்ணாமலை போன்ற ஊரில் பௌர்ணமி கிரிவல நாட்களில் உணவகங்களுக்கும் கடைகளுக்கும் ஆள் வேண்டும். முகூர்த்த நாட்களில் சமைக்கவும் பரிமாறவும் ஆள் வேண்டும். விடுமுறையில் உழைத்து நாலு காசு பார்ப்பது நல்லதே. ஆனால் அவசரத் தேவைக்காக வேலை தேடும் பிள்ளையால் நல்ல வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாது. கிடைத்த கூலிக்குக் கிடைத்த வேலையைச் செய்ய வேண்டியதுதான். உடனடி ரொக்கத்தின் ஈர்ப்பு எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை இந்த மலை கொடூரமாகக் கற்றிருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல் படை சுட்டுக்கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டப் போவதைக் குணக்கேடு என்று பார்ப்பவர்களுக்கு அந்தக் குடும்பங்களின் பண நாட்காட்டி தெரிந்திருக்காது. சில நாள் வேலைக்கு ஆண்டுக் கூலி அளவு பேசும் தரகர் எப்போதும் ரொக்கம் வறண்ட மாதத்தில்தான் ஊருக்கு வருவார். படிக்கும் இளைஞரின் கையில் அந்த மாதத்துக்கான பணம் முன்கூட்டியே இருப்பது அவருடைய படிப்புக்கு மட்டுமின்றி உயிருக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது மறுப்புக்கு ஒரு பெயரே இருக்கிறது. இதே மலைப்பகுதியின் புலியூர் கிராமத்தைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் பயணம் செய்து உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதி, 23 வயதில் வென்றார். 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் முதல் எல்லாரும் பாராட்டினார்கள். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு, தாமதத்தைக் குறை சொல்ல வேண்டாம் என்று அவர் பெயரைச் சொல்லியே வாதிடுவார்கள். ஸ்ரீபதியின் வெற்றி எவ்வளவு கொண்டாடினாலும் தகும். ஆனால் அது நமக்குச் சொல்வது என்ன? அத்தனை தடைகளையும் தாண்ட அத்தகைய மன உறுதி தேவைப்பட்டது என்பதைத்தான். சாதாரண மன உறுதி உள்ள, சாதாரணமாகப் படிக்கும் மலைப் பிள்ளையும் பட்டம் பெற வேண்டும் என்பதற்குத்தான் அரசுத் திட்டங்கள். சமவெளியில் சராசரி மாணவர் பட்டம் வாங்குவதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, பழங்குடியினருக்கு 21.2. அந்த இடைவெளி அசாதாரணமானவர்களால் மட்டும் நிரம்பாது.

கடைசி மறுப்பு நிதி நெருக்கடி. மேலும் பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். இங்கே கேட்பது மேலும் பணம் இல்லை. ஒதுக்கிய பணத்தை முன்னால் தரும் ஏற்பாடு. அதற்கு நான்கு வேலைகள் போதும். முதலாவது, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள், மே மாதத்துக்குள், ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் முகாம் போட்டுச் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு மூன்றையும் கையில் கொடுத்துவிட வேண்டும். மாணவர் யார் என்று உறைவிடப் பள்ளிக்கு ஏற்கெனவே தெரியும். மறுபடி கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது, பராமரிப்புப் படியின் முதல் மூன்று மாதத் தொகையைச் சேர்க்கை உறுதியானவுடனே தந்துவிட்டு, சரிபார்ப்பைப் பிறகு நடத்தலாம். சேர்ந்துவிட்டு நின்றுவிடுவார்களே என்றால், 570 ரூபாயின் மூன்று மடங்குதான் அரசு துணியும் இழப்பு. மூன்றாவது, 2025 முதல் சமூகநீதி விடுதி என்று பெயர் பெற்றிருக்கும் விடுதிகள் கல்லூரி திறக்கும் அன்றே திறக்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் அறை எடுத்துத் தங்கும் செலவுதான் பல வீடுகளின் முதல் கடன். நான்காவது, மலைவாழ் மக்களுக்கென்றே இருக்கும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களான லேம்ப்ஸ், உதவித்தொகையை ஈடாகக் கொண்டு வட்டியில்லாத குறுகியகாலக் கடன் தரலாம். பணம் எப்படியும் அரசிடமிருந்து வரப்போவது. கணக்கில் வந்ததும் கழித்துக்கொள்ளலாம்.

இவை நடக்கும் வரை மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. விடுதிக்கு முதல் நாளே விண்ணப்பிப்பது, சான்றுகளைப் பள்ளியில் இருக்கும்போதே வாங்கி வைப்பது, வட்டிக்கு வாங்குவதற்கு முன் கல்லூரி முதல்வரிடம் தேர்வுக் கட்டணத்துக்கு அவகாசம் எழுதிக் கேட்பது ஆகிய மூன்றும் ஆண்டு முழுவதும் டீயை விடுவதைவிட அதிகம் மிச்சம் பிடிக்கும். ஆசிரியர்களும் பெற்றோரும் சிக்கனம் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இவற்றுக்குத் தரலாம். மீதிப் பாதியை அரசிடம் கேள்வி கேட்கத் தரலாம். கேள்வி சுருக்கமானது: சேர்க்கைக் கடிதத்தில் கட்டணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியை அச்சிடுகிறீர்கள், அதே கடிதத்தில் உதவித்தொகை வந்து சேரும் தேதியையும் ஏன் அச்சிடக் கூடாது? மாணவர் தேதி தவறினால் அபராதம் உண்டு. அரசு தேதி தவறினால் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க ஓர் அலுவலரின் பெயராவது அதில் இருக்கட்டும்.